கோடரியைப் புதைத்தல் (மரபுத்தொடர்)

கோடரியைப் புதைத்தல் என்பது பகைமையைக் கைவிட்டுச் சமாதானம் செய்துகொள்வதைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர் ஆகும். ஆங்கிலத்தில் இது "பெரி த ஹேட்செட்" என வழங்குகிறது. இருவருக்கிடையிலோ, இரு கட்சிகளுக்கிடையிலோ, இரு நாடுகளுக்கிடையிலோ நெடுங்காலம் நிலவிய சண்டை முடிவுக்கு வரும்போது இத்தொடர் பயன்படுத்தப்படுகிறது. சாதாரணக் கருத்து வேறுபாடு தீர்ந்தமைக்கு இதனைப் பெரும்பாலும் சொல்வதில்லை. புதைக்கப்படுவதற்கு முன் ஒரு கோடரி உயர்த்தப்பட்டிருக்க வேண்டும், அதாவது இரு தரப்பும் அறிந்த வெளிப்படையான பகை இருந்திருக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

பெரும்பாலான மரபுத்தொடர்கள் உவமையாகத் தோன்றியவை. இத்தொடரோ மெய்யாகவே செய்யப்பட்ட ஒரு செயலிலிருந்து பிறந்தது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த முதற்குடி மக்கள் போரை முடிக்கும்போது உண்மையான கோடரிகளை உண்மையான குழிகளில் புதைத்தனர். அவர்களுக்கு இது இன்றைய ஒப்பந்தக் கையொப்பத்துக்கு நிகரான சட்டச் செயலாக இருந்தது. இம்மக்களைப் பழைய தமிழ் நூல்கள் "செவ்விந்தியர்" என அழைத்தன. அவ்வழக்கு இன்று தவிர்க்கப்படுவதால் இக்கட்டுரையில் அந்தந்த இனத்தின் பெயரே பயன்படுத்தப்படுகிறது.

சொற்பொருள்

"ஹேட்செட்" என்பது ஒரு கையால் பிடித்து வீசக்கூடிய சிறிய கோடரியைக் குறிக்கும். கோடரி என்னும் பொருளுடைய "ஆஷ்" என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லின் சிறுமை வடிவமான "ஆஷெட்" என்பதிலிருந்து இது ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் கைக்கோடரி எனலாம். மரம் வெட்டப் பயன்படும் பெரிய கோடாலி வேறு, இது வேறு.

இதே கருவிக்கு வர்சீனியாப் பகுதியின் அல்கோங்கிய மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற மற்றொரு சொல் "டொமஹாக்" ஆகும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயக் குடியேறிகள் இச்சொல்லை எழுதி வைத்துள்ளனர். முதலில் கல் தலை கொண்டிருந்த இக்கருவி, ஐரோப்பியரோடு வணிகம் தொடங்கிய பின் இரும்புத் தலை பெற்றது. புதைக்கப்பட்ட கோடரிகள் பலவும் ஐரோப்பிய வணிகரிடம் மென்மயிர்த் தோலுக்கு மாற்றாக வாங்கியவையாகவே இருந்திருக்கும் என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. 18ஆம் நூற்றாண்டில் ஒரு முனையில் வெட்டுவாயும் மறுமுனையில் புகைக்கிண்ணமும் காம்பில் துளையும் கொண்ட "குழாய் டொமஹாக்" பரவியது. போரின் கருவியும் சமாதானப் புகைக்குழாயும் ஒரே பொருளில் அமைந்த விந்தை இது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் முதன்முதலாகப் போர்க்களத்தில் ஏவப்பட்ட அமெரிக்க ஏவுகணைக்கும் டொமஹாக் என்றே பெயர்.

ஆங்கிலத்தில் இதைவிடப் பழைய ஒரு தொடரும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் "கோடரியைத் தொங்கவிடுதல்" என்பது செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துதல் என்னும் பொருளில் வழங்கியது. புதிய தொடர் ஆங்கிலேயர் நாவில் எளிதில் படிந்ததற்கு இப்பழைய தொடரும் துணை செய்திருக்கலாம். ஆயினும் இரண்டின் பொருளும் ஒன்றன்று. தொங்கவிட்ட கோடரியை மறுநாள் காலை மீண்டும் எடுக்கலாம். புதைப்பது மீண்டும் எடுக்காமலிருப்பதற்காகவே.

பெருஞ்சமாதான மரம்

இவ்வழக்கத்தின் மூலத்தை ஹோடினோஷோனி மக்களின் தோற்றக் கதையோடு இணைப்பது மரபு. "நீள்வீட்டு மக்கள்" எனப் பொருள்படும் இப்பெயர், ஐரோப்பியர் இரோக்குவா என அழைத்த கூட்டமைப்பைக் குறிக்கும். மோகாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா ஆகிய ஐந்து இனங்கள் இதில் அடங்கியிருந்தன. 1722ஆம் ஆண்டளவில் டஸ்கரோரா இனமும் சேர்ந்து ஆறு இனங்களாயின. இன்றைய நியூயார்க் மாநிலத்தின் பெரும்பகுதி இவர்களின் நிலமாக இருந்தது.

வாய்மொழி மரபின்படி, இவ்வினங்கள் ஒருகாலத்தில் முடிவற்ற பழிக்குப்பழியில் சிக்கி அழிந்துகொண்டிருந்தன. ஒரு கொலைக்கு மறுகொலை, அதற்கு மறுகொலை எனப் பகை தலைமுறைகளைக் கடந்து சென்றது. அப்போது "சமாதானம் செய்பவர்" எனப்படும் ஒருவர் தோன்றினார். அவரது இயற்பெயரை வீணே உச்சரிக்கக் கூடாது என அம்மக்களுள் பலர் கருதுவதால் இங்கும் அது தவிர்க்கப்படுகிறது. தன் குடும்பத்தைப் பறிகொடுத்துத் துயரில் அலைந்த ஹயவாதா என்பவரைத் துணைகொண்டு அவர் ஐந்து இனங்களையும் ஒன்றுபடுத்தினார். தலைமயிரில் பாம்புகள் நெளியும் கொடியவனாகச் சித்திரிக்கப்படும் ஒனொண்டாகாத் தலைவன் ததொதாகோவும் இறுதியில் இணங்கினான். கூட்டமைப்பின் முதன்மைப் பொறுப்பு அவனுக்கே அளிக்கப்பட்டது. பகைவனை ஒழித்துச் சமாதானம் காணாமல் அவனையே சமாதானத்தின் காவலனாக்கியது இக்கதையின் ஆழமான பகுதி எனலாம்.

பின்னர் சமாதானம் செய்பவர் ஓர் உயர்ந்த வெண்பைன் மரத்தைப் பிடுங்கினார். அம்மரம் இருந்த குழிக்கு அடியில் ஒரு நீரோட்டம் தெரிந்தது. ஐந்து இனத்தாரும் தம் ஆயுதங்களை அதில் எறிந்தனர். நீரோட்டம் அவற்றை எவருக்கும் தெரியாத இடத்துக்கு அடித்துச் சென்றது. மரம் மீண்டும் அதே இடத்தில் நடப்பட்டது. அதன் வெண்ணிற வேர்கள் நான்கு திசைகளிலும் பரவின. எவரேனும் சமாதானத்தைக் குலைக்க வந்தால் எச்சரிக்க, மரத்தின் உச்சியில் ஒரு கழுகு அமர்ந்தது.

கூட்டமைப்பு தோன்றிய காலம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. 12ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை பல காலங்கள் முன்வைக்கப்படுகின்றன. மேலும், சில வெகுமக்கள் நூல்கள் கூறுவதுபோல இது ஹோடினோஷோனி மக்களுக்கு மட்டுமே உரிய வழக்கமும் அன்று. அவர்களுக்குப் பகைவராகவும் அயலாராகவும் இருந்த அல்கோங்கிய மொழிபேசும் இனங்களும் கோடரியைப் புதைத்தன. அப்பகுதி முழுவதற்கும் பொதுவான அரசுறவு மொழியாக அது இருந்தது என்பதே பொருத்தம். (பரசுராமர் தம் மழுவைக் கடலில் எறிந்த கதை தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வரக்கூடும். ஆனால் அது நிலம் பெற்ற கதை. பகை முடித்த கதை அன்று.)

கோடரியின் அரசுறவு மொழி

புதைத்தல் என்பது கோடரியைக் கொண்டு பேசப்பட்ட ஒரு முழு மொழியின் ஒரு சொல் மட்டுமே. ஓர் இனத்தைப் போருக்கு அழைக்கும்போது செந்நிறம் பூசிய கோடரியும் போர்ப் பட்டையும் அனுப்பப்பட்டன. அதனை ஏற்பது "கோடரியை எடுத்தல்" எனப்பட்டது. சமாதானம் முறிந்தால் "கோடரியைத் தோண்டி எடுத்தல்". கொல்லப்பட்டவரின் உறவினருக்கு ஈடும் ஆறுதலும் அளிப்பது "உங்கள் தலையில் பதிந்துள்ள கோடரியைப் பிடுங்குதல்" எனப்பட்டது. இவ்வரிசையில் இறுதித் தொடரே மிகவும் கவனிக்கத்தக்கது. காயம்பட்டவர் தலையிலிருந்து கோடரியைப் பிடுங்காமல், அதாவது இழப்பை ஒப்புக்கொண்டு ஆறுதல் கூறாமல், எதனையும் புதைக்க முடியாது என்பது அம்மக்களின் நடைமுறை. இன்றைய ஆங்கில வழக்கில் இந்த முற்படி முற்றிலும் உதிர்ந்துவிட்டது.

இச்சொற்களோடு வாம்பம் எனப்படும் மணிப் பட்டைகள் கைமாறின. கடற்சிப்பி, சங்கு ஆகியவற்றிலிருந்து செய்த வெள்ளை, ஊதா மணிகளைக் கோத்து இவை நெய்யப்பட்டன. ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு பட்டை அளிக்கப்படும். பட்டை கொடுக்காமல் சொன்ன சொல் காற்றில் போன சொல்லுக்குச் சமம். பட்டைகளைக் காத்து, அவற்றின் பொருளை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கத் தனிப் பொறுப்பாளர் இருந்தனர். எழுத்தில்லாதவரின் ஒப்பந்தம் நினைவில் நிற்காது என்று கருதிய ஐரோப்பியர், தாம் எழுதிய தாள்களைவிட இப்பட்டைகள் துல்லியமாக நினைவுகூரப்படுவதைப் பலமுறை கண்டனர்.

தொடக்ககாலப் பதிவுகள்

ஐரோப்பியப் பதிவுகளுள் பழையவை பிரெஞ்சு இயேசு சபைக் குருமார் தம் தலைமைக்கு அனுப்பிய ஆண்டறிக்கைகளில் காணப்படுகின்றன. கோடரியை எவரும் மீண்டும் காணாதபடி மண்ணின் ஆழத்தில் எறிந்துவிடும் விருப்பம் பற்றி 1640களின் அறிக்கைகள் குறிப்பிடுகின்றன. 1645 சூலையில் துருவா ரிவியேர் என்னும் இடத்தில் நடந்த கூட்டத்தில் மோகாக் தூதர் கியோட்சேட்டன் 17 வாம்பம் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சொல்லை நடித்தும் பாடியும் காட்டினார். அச்சமாதானம் நிலைக்கவில்லை. மறு ஆண்டு அக்டோபரில் மோகாக் ஊருக்குச் சென்ற இசாக் ஜோக் என்னும் குரு கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஆங்கிலத்தில் இச்சடங்கைத் தெளிவாக விவரிக்கும் புகழ்பெற்ற பதிவு 1680ஆம் ஆண்டுக்குரியது. மாசச்சூசெட்சைச் சேர்ந்த சாமுவேல் சீவல் எழுதிய கடிதம் அது. மோகாக்குகளின் தாக்குதல்கள் தொடர்பாக மேஜர் பிஞ்சன் ஆல்பனி நகருக்குச் சென்று அவர்களின் தலைவரைச் சந்தித்ததையும், உடன்பாடு ஏற்பட்டதும் இரண்டு கோடரிகள் மண்ணில் புதைக்கப்பட்டதையும் சீவல் தெரிவிக்கிறார். ஒன்று ஆங்கிலேயருக்காக, மற்றொன்று மோகாக்குகளுக்காக. எழுதப்பட்ட சமாதான விதிகள் அனைத்தையும்விட இச்சடங்கே அவர்களை மிகுதியாகக் கட்டுப்படுத்துவது என்றும் அவர் விளக்குகிறார். இக்கடிதத்தில் "இரண்டு" என்ற எண் முக்கியமானது. ஒருவர் மட்டும் ஆயுதத்தைப் புதைத்தால் அது சரணடைதல். சீவல் பின்னாளில், 1692இல், சேலம் சூனியக்காரி வழக்குகளின் நடுவர்களுள் ஒருவராக இருந்தவர். 1697இல் அதற்காகத் தேவாலயத்தில் பொதுமக்கள் முன் எழுந்து நின்று தம் குற்றத்தை ஏற்றுக்கொண்டவரும் அவரே.

வெறும் உருவகமாக, கோடரியும் குழியும் இல்லாத இடத்தில், இத்தொடர் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. பொதுவாக 1754ஆம் ஆண்டு சுட்டப்படுகிறது.

மொண்ட்ரியால், 1701

கோடரி புதைக்கப்பட்ட நிகழ்வுகளுள் அளவால் பெரியது 1701ஆம் ஆண்டின் மொண்ட்ரியால் பெருஞ்சமாதானம் எனலாம். ஏறத்தாழ 40 இனங்களைச் சேர்ந்த சுமார் 1,300 பேராளர்கள் அந்நகரில் கூடினர். அப்போது நகரின் மக்கள்தொகையே சில ஆயிரங்களைத் தாண்டாது. பிரெஞ்சு ஆளுநர் லூயி எக்டர் டி கல்லியேர் அக்கூட்டத்துக்குத் தலைமை வகித்தார். சமாதானத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்த வெண்டாட் தலைவர் கொண்டியாரொங்க், கடும் காய்ச்சலுடன் கூட்டத்துக்கு வந்து நெடிய உரையாற்றி, ஆகத்து 2ஆம் நாள் காலமானார். அவரது இறப்பால் பேச்சு முறியும் என அஞ்சப்பட்டது. மாறாக, பகையினத்தாரான இரோக்குவாப் பேராளரும் அவருக்கு இறுதி மரியாதை செலுத்தினர்.

ஆகத்து 4ஆம் நாள் கல்லியேர், எல்லாருடைய கோடரிகளையும் தம்முடையதோடு சேர்த்து, எவராலும் மீண்டும் எடுக்க முடியாத ஆழமான குழியில் இடுவதாக அறிவித்தார். தலைவர்கள் தத்தம் இனத்தின் அடையாளமான விலங்கு அல்லது பறவையின் உருவத்தை வரைந்து ஒப்பமிட்டனர். ஓர் ஐரோப்பிய ஆளுநர் முதற்குடி மக்களின் சொல்லாட்சியிலேயே பேசிச் செய்த உடன்பாடு இது. அதன்பின் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த போர்களில் இரோக்குவாக் கூட்டமைப்பு நடுநிலை வகிப்பதை அடிப்படைக் கொள்கையாகக் கொண்டது.

ஹாலிபாக்ஸ், 1761

கனடாவின் அட்லாண்டிக் கரையில் வாழும் மிக்மாக் மக்களுக்கும் பிரித்தானியருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு விட்டுவிட்டுப் போர் நடந்தது. பிரான்சு தோற்ற பின் 1760, 1761 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சியாக ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. 1761 சூன் 25ஆம் நாள் நோவா ஸ்கோசியாவின் ஹாலிபாக்ஸ் நகரில் ஆளுநரின் பண்ணை நிலத்தில் கோடரி புதைக்கும் சடங்கு நடைபெற்றது. மாகாணத்தின் தலைமை நீதிபதியும் அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவருமான ஜொனாதன் பெல்ச்சர் பிரித்தானியர் சார்பில் பேசினார். மிக்மாக் மொழியை நன்கு அறிந்த பிரெஞ்சுக் குரு பியேர் மையார் மொழிபெயர்த்தார். பிரித்தானியச் சட்டம் மிக்மாக் மக்களின் உரிமைகளையும் உடைமைகளையும் சுற்றி ஒரு பெரிய வேலி போல நிற்கும் என்றும், அவ்வேலியை உடைப்பவர்மீது சட்டத்தின் பாரம் விழும் என்றும் பெல்ச்சர் வாக்களித்தார்.

அவ்வாக்கு நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்தது. 1927இல் மிக்மாக் பெருந்தலைவர் கபிரியேல் சில்லிபோய், பருவம் அல்லாத காலத்தில் நீரெலித் தோல் வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார். அவர் 1752ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டி வாதிட்டார். ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி அம்மக்களுக்கு இருந்ததில்லை எனக் கூறி நீதிமன்றம் 1928இல் அவரைத் தண்டித்தது. 1985இல் கனடிய உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில் அதே ஒப்பந்தம் செல்லுபடியாகும் என ஏற்றது. நோவா ஸ்கோசியா அரசு சில்லிபோய்க்கு மன்னிப்பளித்தது 2017இல்தான். அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. தண்டித்தமைக்காக அரசும் வருத்தம் தெரிவித்தது.

1993 ஆகத்தில் டொனால்டு மார்சல் என்னும் மிக்மாக்கியர் உரிமமின்றி 463 பவுண்டு விலாங்கு மீன் பிடித்து 787 டாலர் 10 சதத்துக்கு விற்றார். இவர் செய்யாத கொலைக்காக முன்னரே 11 ஆண்டுகள் சிறையிருந்து 1983இல் விடுவிக்கப்பட்டவர். கீழ் நீதிமன்றங்கள் மீன்பிடிக் குற்றத்தை உறுதிசெய்தன. 1999 செப்டம்பர் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1760, 1761ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் மீன்பிடித்தும் வேட்டையாடியும் விற்றும் "மிதமான வாழ்வாதாரம்" தேடும் உரிமையை மிக்மாக் மக்களுக்கு உறுதிசெய்கின்றன என்பது தீர்ப்பு. அதன்பின் இறால் இன வணிகமீனவரோடு மோதல்கள் எழுந்தன. படகுகள் மோதின, பொறிகள் அறுக்கப்பட்டன. 2020 அக்டோபரில் மிக்மாக் மீனவர் பிடித்த கல்லிறால் வைக்கப்பட்டிருந்த ஒரு கிடங்கு தீக்கிரையானது. 1761இல் புதைக்கப்பட்ட கோடரியின் பொருள் என்ன என்பது அந்நாட்டில் மீன்வலையும் வருமானமும் சார்ந்த கேள்வியாக இருந்து வந்துள்ளதை இதனால் அறியலாம்.

ஹோப்வெல், 1785

ஐக்கிய அமெரிக்கா விடுதலை பெற்றதும் தென்பகுதி இனங்களோடு செய்த முதல் ஒப்பந்தங்களிலும் இத்தொடர் இடம்பெற்றது. தென் கரோலினாவின் ஹோப்வெல் தோட்டத்தில் 1785 நவம்பர் 28ஆம் நாள் செரோக்கி மக்களோடும், 1786 சனவரியில் சோக்டா, சிக்கசா மக்களோடும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. செரோக்கி ஒப்பந்தத்தின் இறுதி விதி, கோடரி என்றென்றும் புதைக்கப்படும் என்கிறது. செரோக்கிப் பெண் தலைவர் நான்சி வார்டு அக்கூட்டத்தில் சமாதானத்தை வேண்டிப் பேசினார்.

சொல் அளவில் இங்கு ஒரு மாற்றம் தெரிகிறது. அதே விதி, சமாதானத்தை ஐக்கிய அமெரிக்கா "அளிப்பதாக" கூறுகிறது. ஆல்பனியில் இரு தரப்பும் ஆளுக்கொரு கோடரியைப் புதைத்தன. ஹோப்வெல்லில் ஒரு தரப்பு கொடுக்கிறது, மறு தரப்பு பெறுகிறது. பழைய சொல் இருக்கிறது, சமநிலை போய்விட்டது.

குடியேறிகள் ஒப்பந்த எல்லையைத் தாண்டி நிலங்களைக் கைப்பற்றினர். 1791இல் புதிய ஒப்பந்தம், பின்னர் மேலும் பல. 1830இல் முதற்குடி மக்களை மிசிசிப்பி ஆற்றின் மேற்கே அகற்றும் சட்டம் நிறைவேறியது. 1835இல் ஒரு சிறு பிரிவினர் மட்டும் ஒப்பமிட்ட நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தைக் காட்டி, 1838-39இல் சுமார் 16,000 செரோக்கியர் படையினரால் வெளியேற்றப்பட்டனர். வழியில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. இப்பயணம் "கண்ணீர்ப் பாதை" எனப்படுகிறது. ஹோப்வெல் ஒப்பந்தத்தின் மற்றொரு விதி, செரோக்கி மக்கள் விரும்பும்போது அமெரிக்கப் பேராயத்துக்கு ஒரு பேராளரை அனுப்பலாம் என்றது. அதற்கு ஒத்த விதி நியூ எக்கோட்டா ஒப்பந்தத்திலும் உண்டு. 2019இல் செரோக்கி நாடு கிம்பர்லி டீகீ என்பவரைத் தன் பேராளராக நியமித்தது. 2022 நவம்பரில் கீழவையின் விதிகள் குழு இதுகுறித்து விசாரணை நடத்தியது.

தேர்தலுக்குப் பின் ஒரு சடங்கு

டெலவேர் மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் நகரில் இத்தொடர் இன்றும் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுத்தேர்தல் முடிந்த இரண்டாம் நாளான வியாழக்கிழமையன்று, "ரிட்டர்ன் டே" என்னும் விழா நடக்கும். 1791இல் சசெக்ஸ் கவுண்டியின் தலைநகர் லூயிஸ் நகரிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு மாறியது. வாக்களித்தவர்கள் முடிவைக் கேட்க இரண்டு நாள் கழித்து அங்கு மீண்டும் கூடினர். அதுவே விழாவானது. வென்றவரும் தோற்றவரும் குதிரை வண்டிகளில் ஊர்வலம் வருவர். பின்னர் கட்சித் தலைவர்கள் ஒரே கோடரியைச் சேர்ந்து பிடித்து, மணல் நிரப்பிய பெட்டியில் புதைப்பர். மணல் லூயிஸ் கடற்கரையிலிருந்து கொண்டுவரப்படும். சுட்ட மாட்டிறைச்சி வைத்த ரொட்டி அனைவருக்கும் இலவசம். பெட்டி மணலில் புதைத்த கோடரியை அடுத்த தேர்தலுக்கு எடுப்பது எளிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிற மொழிகளில்

பிரெஞ்சு, இடாய்ச்சு, டச்சு, எசுப்பானியம் ஆகிய மொழிகளிலும் "போர்க்கோடரியைப் புதைத்தல்" என்ற தொடர் உள்ளது. பிரெஞ்சுக்காரர் இதனை ஆங்கிலேயர் வழியாகப் பெறவேண்டிய தேவை இருக்கவில்லை. கனடாவில் நேரடியாகவே கேட்டனர். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் இதனைப் பரப்பியதில் ஜேம்ஸ் பெனிமோர் கூப்பரின் புதினங்களுக்கும், இடாய்ச்சு மொழியில் கார்ல் மேயின் கதைகளுக்கும் பங்குண்டு.

தொடர்புடைய தொடர்கள்

"ஹேட்செட் மேன்" என்பது 19ஆம் நூற்றாண்டுக் கலிபோர்னியாவில் கூலிக்கொலையாளியைக் குறித்தது. பின்னர் பிறர் நற்பெயரைக் கெடுக்க அமர்த்தப்பட்டவரைக் குறிக்கலாயிற்று. "தீட்டுவதற்கு ஒரு கோடரி வைத்திருத்தல்" என்பது உள்நோக்கத்தோடு செயல்படுவதைக் குறிக்கும். இதனைப் பெஞ்சமின் பிராங்கிளின் உருவாக்கியதாகப் பலரும் எழுதுவது தவறு. சாணைக்கல்லைச் சுற்றும்படி சிறுவனைப் புகழ்ந்து ஏமாற்றிய மனிதனின் கதையை 1810இல் பென்சில்வேனியா இதழொன்றில் எழுதியவர் சார்ல்ஸ் மைனர். இவற்றுக்கும் கோடரி புதைக்கும் சடங்குக்கும் தொடர்பில்லை.

தமிழில் மொழிபெயர்த்தல்

"கோடரியைப் புதைத்தனர்" எனச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் வாசகர் குழம்புவர். தமிழில் கோடரி போரின் அடையாளமன்று. குலத்தைக் கெடுக்கவந்த கோடரிக்காம்பு என்னும் வழக்கால் அது உள்ளிருந்தே செய்யும் இரண்டகத்தை நினைவூட்டும். எனவே கோடரியைப் புதைத்தால் தமிழர் மனத்தில் முதலில் எழுவது பகைவர் இருவரின் உருவம் அன்று. தன் இனத்தையே வெட்டியவன் சான்றை மறைக்கிறான் என்ற ஐயமாகவும் இருக்கலாம்.

இடத்துக்கேற்பப் பகை மறத்தல், சமாதானமாதல், கைகோத்தல், பழையதை மறத்தல் எனலாம். பேச்சு வழக்கில் "ராசியாகிவிட்டார்கள்" என்பது மிகப் பொருந்தும். இரண்டு குடும்பங்களோ இரண்டு அரசியல்வாதிகளோ சண்டையை முடித்துக்கொண்டதைச் சொல்ல இதுவே போதும். சிறுவர் வழக்கில் உள்ள "காய் விடுதல்", "பழம் விடுதல்" என்னும் இணையும் கருதத்தக்கது. விரலைக் காட்டிக் காய் விட்டவர் பேசமாட்டார். பழம் விட்டபின் பேசுவார். சொல்லோடு ஒரு செயலும் சேர்ந்தால்தான் சண்டை முடிந்தது எனக் கொள்ளும் வகையில், மேற்கண்ட தமிழ்த் தொடர்களுள் இதுவே ஆல்பனிச் சடங்குக்கு நெருக்கமானது. ஆயினும் செய்தி நடையில் இதனைப் பயன்படுத்தினால் கேலியாகத் தொனிக்கும். ஒப்பந்தங்களையும் வரலாற்று நிகழ்வுகளையும் மொழிபெயர்க்கும்போது மட்டும் "கோடரியைப் புதைத்தல்" என்பதை அப்படியே வைத்துப் பொருளையும் விளக்குவது நன்று. அங்கே கோடரி உண்மையானது.